என்ன காய்ச்சல் என்று கவுண்ட் சொல்லுமா?

காய்ச்சல் மூன்றாம் நாளைத் தாண்டியதும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் முதல் சீட்டு பெரும்பாலும் சி.பி.சி., அதாவது இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கைதான். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் இரண்டு மூன்று மில்லி இரத்தம் எடுப்பார்கள். சற்று நேரத்தில் தாள் வந்துவிடும். அதில் ஏறக்குறைய இருபது எண்கள். நோயாளியின் வீட்டார் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" டாக்டர் இன்னும் மூன்று நான்கைப் பார்ப்பார். ஹீமோகுளோபின், வெள்ளையணுக்களின் டோட்டல் கவுண்ட், அதில் நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம், லிம்போசைட் எத்தனை சதவீதம். மற்றவை அச்சானதோடு சரி, ஃபைலுக்குள் போய்விடும்.

அந்த மற்றவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் படித்தால் என்ன காய்ச்சல் என்று சொல்லிவிட முடியுமா? இருபது எண்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது மனித மூளைக்குச் சிரமம், கணினிக்கு அது விளையாட்டு. தனியாக டெங்குவுக்கு ஒரு சோதனை, டைஃபாய்டுக்கு ஒரு சோதனை, எலிக் காய்ச்சலுக்கு ஒரு சோதனை என்று காசும் நேரமும் செலவழிக்காமல், எப்படியும் எடுக்கப்போகும் சாதாரண இரத்தப் பரிசோதனையிலிருந்தே நோயின் பெயரைக் கறந்துவிடலாம் என்ற ஆசை கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளாகப் பல ஆய்வுக்கூடங்களைப் பிடித்து ஆட்டுகிறது. ஆசையில் நியாயம் இருக்கிறது. அவசரமும் இருக்கிறது.

இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி அங்கேதான் தொடங்குகின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இரத்த அணுக்களை எண்ணியது மனிதக் கண். கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் நீர்த்த இரத்தத்தை விட்டு, நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாக எண்ணுவார்கள். கண் வலிக்கும், கணக்கும் தவறும். சிகாகோவில் வாலஸ் கோல்ட்டர் என்பவர் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார். உப்பு நீரில் மிதக்கும் அணுக்களை ஒரு நுண்ணிய துளை வழியே ஒவ்வொன்றாக ஓடவிட வேண்டும். துளையின் குறுக்கே மின்னோட்டம் இருக்க வேண்டும். அணு துளைக்குள் நுழையும் கணத்தில் மின்தடை எகிறும். எத்தனை முறை எகிறியது என்பது அணுக்களின் எண்ணிக்கை, எவ்வளவு எகிறியது என்பது அந்த அணுவின் பருமன். முதல் துளையை சிகரெட் பெட்டியைச் சுற்றியிருந்த செல்லோஃபேன் தாளில் சூடான ஊசியால் குத்தினார் என்று சொல்வார்கள். 1953இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கு நகரத்து லேப்களில் இருக்கும் கருவிகள் இதனுடன் லேசர் ஒளியையும் பாய்ச்சி, அது அணுவில் பட்டுச் சிதறும் விதத்தை வைத்து வெள்ளையணுக்களை ஐந்து சாதியாகப் பிரித்துவிடுகின்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கருவி ஆயிரக்கணக்கான அணுக்களைத் தனித்தனியே அளக்கிறது. ஆனால் தாளில் அச்சாவது எண்ணிக்கைகளும் சராசரிகளும்தான். மோனோசைட் என்னும் வெள்ளையணுவை எடுத்துக்கொள்ளுங்கள். கடுமையான தொற்று வந்தால் சில மோனோசைட்டுகள் உப்பிவிடும், சில அப்படியே இருக்கும். சராசரியைப் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. அளவுகளின் சிதறலைப் பார்த்தால் தெரியும். அந்தச் சிதறலுக்கு மோனோசைட் பரவல் அகலம் என்று ஒரு எண் கொடுத்து, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பெரியவர்களில் தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் ஆபத்தை முன்கூட்டி உணர்த்தும் குறியாகப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் அனுமதி தந்தது. புதிதாக ஒரு சொட்டு இரத்தம்கூட எடுக்கவில்லை. கருவி ஏற்கெனவே அளந்துவிட்டு வெளியே சொல்லாமல் வைத்திருந்த தகவல் அது.

ஆனாலும் சி.பி.சி.யில் கிருமி தெரியாது. வைரஸோ பாக்டீரியாவோ அந்தத் துளை வழியாக எண்ணப்படுவதில்லை. எண்ணப்படுவது கிருமி வந்ததால் உடம்பில் எழுந்த பரபரப்பு. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியை எட்டிப் பார்க்காமலே, அடுப்படிச் சந்தடியை வைத்து வந்திருப்பவர் சம்பந்தியா கடன்காரரா என்று ஊகிப்பது மாதிரி. அனுபவப்பட்டவர் பெரும்பாலும் சரியாகவே ஊகிப்பார். டெங்குவில் வெள்ளையணுக்கள் குறையும், பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் சரியும், இரத்த நாளங்கள் கசிந்து இரத்தம் கெட்டிப்படுவதால், அதில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பி.சி.வி. ஏறும். டைஃபாய்டில் பாக்டீரியா தொற்றாக இருந்தும் டோட்டல் கவுண்ட் பெரிதாக ஏறாது, ஈசினோஃபில் என்னும் வெள்ளையணு காணாமலே போய்விடும். எலிக் காய்ச்சல் முற்றினால் நியூட்ரோஃபில் கூடி, வேறு இரத்தச் சோதனைகளில் பிலிருபினும் கிரியேட்டினினும் சேர்ந்து ஏறும். மலேரியாவிலும் தட்டணு குறையும். ஸ்க்ரப் டைபஸிலும் குறையும். சாதாரண வைரஸ் காய்ச்சல் பலவற்றிலும் கொஞ்சம் குறையும். "பிளேட்லெட் எவ்வளவு?" என்ற ஒற்றைக் கேள்வி போதாமல் போவது இதனால்தான்.

கிருமி தெரியாது என்றேன். ஒரு அழகான விதிவிலக்கு உண்டு. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் இருந்து ஹீமோகுளோபினைத் தின்று, கழிவாக ஹீமோசோயின் என்ற பழுப்புப் படிகத்தை விட்டுச் செல்லும். அந்தக் கழிவை வெள்ளையணுக்கள் விழுங்கும். ஒருவகை இரத்தக் கருவி, ஈசினோஃபிலை அடையாளம் காண்பதற்காக ஒளியின் முனைவாக்கம் குலைவதை அளக்கிறது. ஹீமோசோயின் படிகமும் அதே வேலையைச் செய்யும். தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் இந்தக் கருவியின் புள்ளி வரைபடங்களில் இருக்கக்கூடாத இடத்தில் புள்ளிகள் விழுவதைக் கவனித்து, அது மலேரியாவின் கைரேகை என்று 1999இல் கட்டுரை வெளியிட்டார்கள். மலேரியா இருக்குமோ என்று யாரும் சந்தேகிக்காத நோயாளிக்கும் கருவி சொல்லிவிடும் என்பது அதன் அருமை. மற்றக் காய்ச்சல்களில் இத்தனை நேரடியான தடயம் கிடைப்பதில்லை, சந்தடியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இயந்திரக் கற்றல் அந்த ஊகத்தைத்தான் செய்கிறது. அதன் எளிய வடிவம் முடிவு மரம். சிங்கப்பூரிலும் வியட்நாமிலும் காய்ச்சலோடு வந்த 1,200 பேரின் விவரங்களை வைத்து ஒரு குழு 2008இல் அப்படி ஒரு மரத்தை வளர்த்தது. தட்டணு, வெள்ளையணு, உடல் வெப்பம், பி.சி.வி., லிம்போசைட், நியூட்ரோஃபில் ஆகியவைதான் அதன் கிளைகள். யாருக்கு உண்மையில் டெங்கு இருந்தது என்பது வேறு சோதனைகளால் உறுதிசெய்யப்பட்டிருந்தது. கணினி செய்த வேலை இதுதான்: எந்த எண்ணை எந்த இடத்தில் வெட்டினால் டெங்குக்காரர்களும் மற்றவர்களும் அதிகம் பிரிகிறார்கள் என்று ஒவ்வொரு எண்ணாக வெட்டிப் பார்ப்பது. நன்றாகப் பிரிக்கும் வெட்டை வைத்துக்கொண்டு, பிரிந்த ஒவ்வொரு கூட்டத்தையும் மறுபடி அதேபோல் வெட்டுவது. கிடைத்த மரம் டெங்குவையும் டெங்கு அல்லாத காய்ச்சலையும் 84.7 சதவீதம் சரியாகப் பிரித்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தட்டணு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையணு மூவாயிரம் என்றால் டெங்குவின் பக்கம் சாயலாம். அதே தட்டணுவோடு வெள்ளையணு பன்னிரண்டாயிரம் என்றால் கதையே வேறு. நல்ல டாக்டர் மனதுக்குள் இதைத்தான் செய்கிறார். கணினி செய்யும் கூடுதல் வேலை, வெட்டும் இடத்தைப் பழக்கத்தால் முடிவு செய்யாமல் தரவிலிருந்து தேடுவது. 2008இன் மரம் ஒரு தாளில் வரைந்து மேசைக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளக் கூடியது. இன்று புழங்குபவை நூற்றுக்கணக்கான மரங்களின் கூட்டம். ஒரு மரம் விட்ட பிழையை அடுத்த மரம் திருத்தும்படி வளர்க்கப்படுபவை. துல்லியம் கூடியது, ஆனால் மேசைக்கண்ணாடிக்கு அடியில் இனி அது அடங்காது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால் சுருக்கமான பதில் வராது. எனக்கு இந்தப் பேரத்தில் அரைமனதுதான்.

2020இல் கொரோனா வந்தபோது இந்தத் துறைக்குத் திடீரென்று பெரிய களம் திறந்தது. பி.சி.ஆர். முடிவுக்கு ஒரு நாள் இரண்டு நாள் காத்திருந்த காலம் அது. இரத்தப் பரிசோதனை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ஸ்லோவேனியாவின் லுப்லியானா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் கொரோனா உறுதியான 160 பேரின் இரத்த அளவுகளையும், வேறு பாக்டீரியா, வைரஸ் தொற்றுகளோடு வந்திருந்த 5,333 பேரின் அளவுகளையும் வைத்து ஒரு கணினிக் கணிப்பு மாதிரியைப் பயிற்றுவித்தார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில், கொரோனா உள்ளவர்களில் 81.9 சதவீதம் பேரை மாதிரி பிடித்தது. இல்லாதவர்களில் 97.9 சதவீதம் பேரைச் சரியாக விடுவித்தது. அது நம்பியிருந்த முக்கியமான எண்களில் ஒன்று, வழக்கமாக யாரும் திரும்பிப் பார்க்காத ஈசினோஃபில்.

81.9, 97.9 என்றதும் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுத்து ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர் காய்ச்சலோடு வருகிறார்கள், அவர்களில் 30 பேருக்குத்தான் கொரோனா. மாதிரி அதில் ஏறக்குறைய 25 பேரைப் பிடிக்கும். மீதி 970 பேரில் 2.1 சதவீதம், அதாவது 20 பேர், வீணாகப் பிடிபடுவார்கள். "உனக்குக் கொரோனா" என்று முத்திரை குத்தப்பட்ட 45 பேரில் 20 பேருக்கு அது இல்லை. அதே மாதிரியை அலை உச்சத்தில் இருக்கும்போது, ஆயிரத்தில் 200 பேருக்கு நோய் உள்ள இடத்தில் வையுங்கள். 164 பேரைச் சரியாகப் பிடிக்கும், 17 பேர்தான் வீணாக மாட்டுவார்கள். மாதிரி மாறவில்லை, நோயாளியின் இரத்தமும் மாறவில்லை. ஊரில் நோய் எவ்வளவு இருக்கிறது என்பது மாறியதும் அதே விடையின் நம்பகம் பாதியிலிருந்து பத்துக்கு ஒன்பதாகிவிட்டது. மழைக்காலத்தில் டெங்கு என்று சொல்லும் எண்ணை ஏப்ரல் மாதத்தில் அதே நம்பிக்கையோடு சொல்ல முடியாது. நம் டாக்டர்கள் "இப்போ ஏரியாவுல என்ன ஓடுது?" என்று கேட்டுக்கொள்வது சோம்பல் இல்லை, அது கணிதம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 30 பேருக்கு மட்டும் நோய் உள்ள ஆயிரத்தில், "உனக்கு இல்லை" என்று மாதிரி அனுப்பிவிடும் 955 பேரில் தவறாக அனுப்பப்பட்டவர்கள் ஐந்து பேர்தான். நோய் அரிதாக இருக்கும்போது "ஆம்" பலவீனமானது, "இல்லை" பலமானது. ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனைக் குழு இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. 1,15,394 அவசரப் பிரிவு வருகைகளின் தரவில் பயிற்றுவித்த அவர்களின் மாதிரி, கொரோனா உள்ளவர்களில் 77.4 சதவீதம் பேரைத்தான் பிடித்தது. ஆனால் அவர்கள் அதை நோயைப் பறைசாற்றும் கருவியாக முன்வைக்கவில்லை. வாசலில் வரிசையைப் பிரிக்க, அதாவது யாரைச் சீக்கிரம் பொது வார்டுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்ய, ஒரு துணையாக வைத்தார்கள். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் உருப்படியான யோசனை அது.

உருப்படாதவை ஏராளம். கொரோனா காலத்தில் வந்த கணிப்பு மாதிரிகளை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழு, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தொடர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின் ஒரு கட்டத்தில் 232 மாதிரிகளை எடைபோட்டது. நம்பிக்கை தருபவை என்று அது சொன்னது இரண்டை மட்டும். கோளாறு பெரும்பாலும் கணினி நிரலில் இல்லை, தரவு திரட்டிய விதத்தில் இருந்தது.

பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவமனை 2020இல் 5,644 நோயாளிகளின் தரவைப் பொதுவில் வைத்தது. நல்ல நோக்கம். உலகம் முழுக்க மாணவர்களும் ஆய்வாளர்களும் அதன்மேல் பாய்ந்தார்கள். ஆனால் அந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரில் இரத்த எண்ணிக்கை இருந்தது சுமார் 600 பேருக்குத்தான். மற்றவர்களுக்கு அந்தக் கட்டம் காலி. யாருக்கு இரத்தம் எடுத்தார்கள்? டாக்டர் கவலைப்பட்டவர்களுக்கு. ஆக, கட்டம் நிரம்பியிருக்கிறதா காலியா என்பதே டாக்டரின் சந்தேகத்தைக் காட்டிக்கொடுக்கும். கணினிக்கு வெட்கம் கிடையாது. எந்த வழியில் விடை கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளும்.

இந்த ஒட்டுக்கேட்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை பாஸ்டனில் இரண்டு மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2018இல் காட்டினார்கள். பரிசோதனையின் முடிவைப் பார்க்காமல், அது எப்போது எழுதப்பட்டது என்பதை மட்டும் பார்த்தார்கள். நாளின் எந்த நேரம், வாரத்தின் எந்தக் கிழமை, முந்தைய சோதனைக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி. ஆராய்ந்த 174 சோதனைகளில் 118இல், நோயாளி மூன்று ஆண்டுகள் உயிரோடு இருப்பாரா என்பதைச் சோதனையின் முடிவைவிட அது எழுதப்பட்ட நேரமே சரியாகச் சொன்னது. யோசித்தால் வியப்பில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவருக்கு வெள்ளையணு எண்ணச் சொல்கிறார்கள் என்றால் அவர் நன்றாக இல்லை, எண் எதுவாக இருந்தாலும். இரத்தத்திலிருந்து நோயைப் படிப்பதாகச் சொல்லும் மாதிரி உண்மையில் டாக்டரின் முகத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். டாக்டர் முடிவெடுப்பதற்கு முன்பே உதவுவதுதான் அதன் வேலை என்றால், அப்படிப்பட்ட மாதிரியால் பயன் இல்லை.

அடுத்தது குழாயின் பயணம். காலை ஏழு மணிக்குச் சின்ன ஊர் ஒன்றின் கலெக்‌ஷன் சென்டரில் எடுத்த இரத்தம், பைக்கில் பெட்டியோடு கிளம்பி, பஸ் ஏறி, மாவட்டத் தலைநகரின் லேபுக்குப் போய்ச் சேரப் பிற்பகல் ஆகலாம். குழாய்க்குள் இரத்தம் உயிரோடுதான் இருக்கிறது. நேரம் ஆக ஆகச் சிவப்பணு உப்பும், அதன் சராசரிப் பருமனான எம்.சி.வி. ஏறும். வெள்ளையணுக்களின் உருவம் குலையும். மோனோசைட் பரவல் அகலம் போன்ற எண்களைச் சில மணி நேரத்துக்குள் அளந்தால்தான் பொருள் உண்டு. இன்னொன்று, இரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடிக் குழாயில் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் தடவியிருப்பார்கள். வெகு சிலருக்கு அந்தப் பொருள் பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கருவி கட்டியைத் தட்டணுவாக எண்ணாது. தாளில் முப்பதாயிரம் என்று வரும், வீடு அலறும், நோயாளியின் உடம்பில் இரண்டு லட்சம் ஓடிக்கொண்டிருக்கும். அனுபவமுள்ள லேப் டெக்னீஷியன் ஒரு ஸ்லைடு போட்டு நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளும் கணினிக்கு அந்த ஸ்லைடு தெரியாது.

கருவியின் தரமும் ஒன்றுபோல் இல்லை. வெள்ளையணுவை ஐந்தாகப் பிரிக்கும் கருவிகள் பெரிய லேப்களில் இருக்கும். சின்ன லேப்களில் புழங்குவது மூன்றாகப் பிரிக்கும் மலிவான கருவி. லிம்போசைட், கிரானுலோசைட், இரண்டுக்கும் நடுவில் ஒரு கலவை. அதில் ஈசினோஃபிலுக்குத் தனி எண் வராது. லுப்லியானாவின் மாதிரியைக் கொண்டுவந்து அந்த லேபில் வைத்தால், அது தேடும் முக்கியமான எண்ணே தாளில் இருக்காது. சோதனைக்கு வழியில்லாத ஊர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். அந்த ஊர்களில் இருக்கும் கருவியை முன்னால் வைத்துக்கொண்டு மாதிரியைக் கட்டுபவர்கள் குறைவு. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. பாக்டீரியா தொற்று இருக்கிறதா என்று கணிக்க அவர்கள் எடுத்துக்கொண்டவை ஆறே எண்கள்: அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., வெள்ளையணு, பிலிருபின், கிரியேட்டினின், கல்லீரல் நொதிகள் இரண்டு. பெரும்பாலான மருத்துவமனைகளில் கிடைக்கக் கூடியவை. 1,60,203 பேரின் பதிவுகளில் பயிற்றுவித்துவிட்டு, புதிதாக வந்த 104 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். சிறிய சோதனைதான், ஆனால் சரியான திசை.

நம் பக்கத்துக்கு இதைக் கொண்டுவந்தால் எங்கே உண்மையான சோதனை? டெங்கு இருக்கிறதா இல்லையா என்பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டெங்குவுக்கு முதல் சில நாட்களில் என்.எஸ்.1 சோதனை இருக்கிறது. டெங்குவும் ஸ்க்ரப் டைபஸும் ஒன்றுபோல் தெரியும் இடத்தில்தான் கஷ்டம். புதர்ப்பூச்சி என்று சொல்லத்தக்க, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உண்ணியின் குஞ்சு கடித்து வரும் காய்ச்சல்தான் ஸ்க்ரப் டைபஸ். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் தமிழ்நாட்டில் நிறையப் பார்க்கிறோம். டெங்கு போலவே தட்டணு குறையும், கல்லீரல் நொதிகள் ஏறும், தலைவலி மண்டையைப் பிளக்கும். டெங்குவுக்குக் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை, நீர்ச்சத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. ஸ்க்ரப் டைபஸுக்கு மருந்து இருக்கிறது. மலிவான டாக்சிசைக்ளின். வழக்கமாக எழுதும் பெனிசிலின் குடும்பத்து மாத்திரைகள் அந்தக் கிருமியைத் தொடாது. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் நிறுவியது. அந்த நிலைக்குப் போகவிடாமல் முதல் வாரத்திலேயே பிடிப்பதுதான் காரியம்.

இப்போது ஒரு மாதிரி இந்த இரண்டையும் 90 சதவீதம் சரியாகப் பிரிக்கிறது என்று வையுங்கள். மீதிப் பத்தில் எந்தப் பக்கம் தவறுகிறது? டெங்குவை ஸ்க்ரப் டைபஸ் என்று சொல்லிவிட்டால், தேவையில்லாமல் சில நாள் டாக்சிசைக்ளின், கொஞ்சம் வயிற்றெரிச்சல், அந்தக் குழப்பத்தில் நீர்ச்சத்தைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து. ஸ்க்ரப் டைபஸை டெங்கு என்று சொல்லிவிட்டால் நோயாளியைப் படுக்கவைத்து "பிளேட்லெட் ஏறட்டும்" என்று காத்திருப்பார்கள், அதற்குள் நுரையீரலும் சிறுநீரகமும் கைவிடலாம். துல்லிய சதவீதத்தில் இரண்டு தவறும் ஒரே எடை. வெட்டும் கோட்டை எங்கே போடுவது என்பதை நிரல் எழுதுபவர் முடிவு செய்ய முடியாது. காய்ச்சல் வார்டில் நின்றவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

தவிர, ஸ்க்ரப் டைபஸுக்கு இரத்தத்தில் இல்லாத ஒரு அடையாளம் உண்டு. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு. வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்கு அடியில், இடுப்பில் துணி இறுகும் இடத்தில் இருக்கும். எல்லோருக்கும் இருப்பதில்லை. இருந்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும். ஆகவே நம் ஊருக்கென்று யாராவது மாதிரி கட்டினால், இருபது எண்களோடு இருபத்தொன்றாவதாக ஒரு கட்டம் வைக்க வேண்டும்: பொருக்கு இருந்ததா, இல்லையா, பார்க்கவே இல்லையா. மூன்றாவது விடைக்கும் இடம் விட வேண்டும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் திரைச்சீலை இல்லாத மேசைக்கு முன்னால் சேலை கட்டிய அம்மா ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு, அந்தக் கட்டத்தை நேர்மையாக நிரப்பினால் பெரும்பாலும் வரப்போவது அதுதான்.